குளிர்ந்த பழக் கிண்ணத்தில் இலையுதிர்கால மணம்
வாசகர் கேள்வி – பதில்

செப்டம்பர் பிறந்துவிட்டால், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் வாசகியரிடமிருந்து ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் வரிசையாக வரத் தொடங்குகின்றன. உறைய வைத்த பழங்களைக் கெட்டியாக அரைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே பழத்துண்டுகளும் வறுத்த ஓட்ஸும் பரப்பிக் கரண்டியால் எடுத்து உண்ணும் குளிர்ந்த பழக் கிண்ணம் அங்கே பல வீடுகளில் காலை உணவாகிவிட்டது. கோடை முழுவதும் மாம்பழமும் ஸ்ட்ராபெரியுமாக இருந்த அந்தக் கிண்ணத்தில், இலைகள் நிறம் மாறும் பருவத்துக்கு உரியதென்று அவர்கள் கருதும் ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ மணத்தை, அதாவது பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, ஆல்ஸ்பைஸ் ஆகியவை கலந்த மணத்தை, எப்படிச் சேர்ப்பது என்பதே எல்லாக் கடிதங்களின் சாரம். ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கடையில் ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ என்று விற்கும் தூளை வாங்கி, அரைத்த வாழைப்பழக் கலவையில் ஒரு தேக்கரண்டி சேர்த்தேன். மரத்தூளைத் தின்றது போல இருந்தது. மணம் எழும்பவே இல்லை. இன்னொரு தேக்கரண்டி சேர்த்ததும் கசந்துவிட்டது. கறுவாப் பட்டையும் சாதிக்காயும் நான் நாள்தோறும் புழங்கும் பொருள்கள்தாம். எங்கே பிழை விட்டேன்?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: அளவைக் கூட்டியதால் கசந்தது. மணம் வராமற்போனதற்குக் காரணம், அந்தத் தூள் எந்தக் கட்டத்திலும் சூட்டைக் காணாததுதான். கறுவாவையும் கராம்பையும் நாம் கறியில் போடும்போது முதலில் எண்ணெயில் பொரிய விடுகிறோம். பாயசத்தில் போடும் ஏலக்காய்கூடக் கொதிக்கும் பாலில்தான் விழுகிறது. இந்தப் பொருள்களின் மணத்தைச் சுமக்கும் எண்ணெய்ச் சத்துகள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. கொழுப்பில் நன்றாகக் கரையும், சூட்டில் எளிதாக ஆவியாகும். உறைநிலைக்கு அருகில் இருக்கும் பழக் கலவையில் அவை தூளுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன, மூக்குக்கு எட்டுவதில்லை.

இத்துடன் நாக்கின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. இனிப்பை உணர்த்தும் நரம்புச் செய்தி, வாயிலுள்ள பொருள் குளிர்ந்திருந்தால் மங்கிவிடும். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உறைந்திருந்தபோது அளவாக இருந்த அதே இனிப்பு, உருகியதும் திகட்டும். ஆகவே குளிர்ந்த கிண்ணத்தில் மணமும் குறைகிறது, இனிப்பும் குறைகிறது. பட்டைத் தூளின் துவர்ப்பும் காரலும் மட்டும் முன்னே வந்து நிற்கின்றன. நாக்கில் தட்டுப்பட்ட அந்த மரத்தூள் தன்மையும் உங்கள் கற்பனை அன்று. பட்டை ஒரு மரத்தின் தோல். எவ்வளவு நைசாக அரைத்தாலும் நீரில் கரையாது. அதிலுள்ள பசைத்தன்மை நீரை உறிஞ்சி ஊதிக்கொள்வதால், இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கலவை காலையில் வழுவழுவென்று இழுபடவும் செய்யும். நியூஜெர்சியில் குடியேறிய முதல் ஆண்டில், மறுநாள் காலை வேலைக்குப் போகும் அவசரத்தை எண்ணி, பட்டைத் தூள் சேர்த்த கலவையை முந்தின இரவே அரைத்து வைத்துவிட்டேன். காலையில் கரண்டியை எடுத்தால் வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் வருவது போல நூல் நூலாக வந்தது. அன்றிலிருந்து குளிர்ந்த கலவையில் உலர்ந்த பட்டைத் தூளை நான் நேரடியாகச் சேர்ப்பதில்லை.

இதற்கு நல்ல வழி, மணத்தைப் பாகாக இறக்கிக்கொள்வது. அரை கப் நாட்டுச் சர்க்கரைக்கு அரை கப் தண்ணீர் ஊற்றி, இரண்டு அங்குல நீளப் பட்டைத் துண்டுகள் இரண்டு, கராம்பு இரண்டு, தட்டிய இஞ்சி ஓர் அங்குலம், ஆல்ஸ்பைஸ் மணிகள் நான்கு ஆகியவற்றைப் போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு சாதிக்காயை மேலாக நான்கைந்து இழுப்பு துருவி, மூடி போட்டு அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். மணம் பாகில் இறங்குவது இந்த அரை மணி நேரத்தில்தான். அவசரப்பட்டு உடனே வடிகட்டினால் இனிப்புத் தண்ணீர்தான் கிடைக்கும். வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர வைத்தால், ஒரு வாரம் பத்து நாள் கெடாமல் இருக்கும். இருவருக்கான கிண்ணத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி போதுமானது. சூடாக ஊற்றிவிடாதீர்கள், கலவை இளகிவிடும். உறைய வைப்பதற்கு முன்னால் சுவைத்துப் பார்க்கும்போது மணம் சற்றே தூக்கலாக, ‘இது கொஞ்சம் அதிகமோ’ என்று ஐயம் எழும் அளவுக்கு இருக்க வேண்டும். குளிர்ந்ததும் அது சரியாக அமைந்துவிடும்.

கராம்பை மட்டும் எந்த நிலையிலும் கூட்டாதீர்கள். பல்வலிக்குக் கராம்புத் தைலம் தடவுவது எதற்காகவோ, அதே மரத்துப்போகும் தன்மை நாக்கிலும் வேலை செய்யும். குளிரும் சேர்ந்தால் பழத்தின் சுவையே தெரியாமற்போகும்.

சர்க்கரை வேண்டாம் என்பவர்கள், பாதாம் அல்லது முந்திரி விழுது இரண்டு மேசைக்கரண்டியை லேசாகச் சூடாக்கி, அதில் அரைத் தேக்கரண்டித் தூளைக் குழைத்து, ஆறிய பிறகு கிண்ணத்தின் மேல் கோடுகளாக ஊற்றலாம். விழுதிலுள்ள கொழுப்பு மணத்தை வாங்கிப் பிடித்துக்கொள்ளும். நெய்யிலோ தேங்காய் எண்ணெயிலோ தாளித்து ஊற்றலாமா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும், எனக்கும் தோன்றியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உறைந்துவிடும் என்பதால், குளிர்ந்த கலவையில் பட்டதும் மெழுகுத் துணுக்குகளாக மாறி அண்ணத்தில் ஒட்டுகிறது. நெய்க்கும் அதே கதிதான்.

கேள்வி: இலையுதிர்காலக் கிண்ணத்துக்கு எந்தப் பழங்கள் பொருந்தும்? ஆப்பிள் நறுக்கியதும் கறுத்துப்போகிறது. சீமைப் பனிச்சை என்று நாம் சொல்லும் பெர்சிமன் பழத்தைப் போட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. பூசணி விழுது டப்பா ஒன்று வாங்கினேன். அதில் முன்பே இனிப்பு இருந்தது.
– ஒரு வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: டப்பாவிலிருந்து தொடங்குகிறேன், ஆண்டுதோறும் பலர் இதில் ஏமாறுகிறார்கள். கடையில் இரண்டு வகை அடுத்தடுத்து ஒரே நிறத்தில் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று வெறும் பூசணி விழுது. மற்றது ‘பம்ப்கின் பை’ செய்வதற்கென்றே சர்க்கரையும் மசாலாவும் கலந்தது. உட்பொருள் பட்டியலில் பூசணி என்ற ஒரே சொல் இருக்கும் டப்பாவே உங்களுக்கு வேண்டியது. வீட்டிலேயே செய்வதானால், ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய பூசணியை வாங்காதீர்கள். அது நாரும் நீருமாக இருக்கும். பட்டர்நட், கபோச்சா வகைகள் நம் ஊர்ப் பரங்கிக்காயின் இனிப்பும் மாவுத்தன்மையும் உடையவை. இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு 200 டிகிரி செல்சியசில் முக்கால் மணி நேரம் சுட்டு, சதையை வழித்து அரைத்து, துணியில் ஒரு மணி நேரம் வடிய விட்டு, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். இப்படி உறைந்த கட்டிகள் ஆறு, கரும்புள்ளி விழுந்த அளவுக்குக் கனிந்த பின் நறுக்கி உறைய வைத்த வாழைப்பழம் இரண்டு, கெட்டித் தயிர் அரை கப், மேலே சொன்ன பாகு இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால், கரண்டி நிமிர்ந்து நிற்கும் பதத்தில் வரும். ஓடவில்லை என்று பாலைத் தாராளமாக ஊற்றினால் அது குடிக்கும் பானமாகிவிடும். ஒவ்வொரு தேக்கரண்டியாகத்தான் ஊற்ற வேண்டும்.

ஆப்பிளைப் பச்சையாக இந்தக் கிண்ணத்தில் போடுவதை நான் விரும்புவதில்லை. கறுப்பதைத் தடுக்க எலுமிச்சைச் சாறு தடவலாம், உப்பு கலந்த நீரில் ஐந்து நிமிடம் போட்டுக் கழுவியும் எடுக்கலாம். ஆனால் உறைந்த கலவையோடு சேரும்போது அந்தத் துண்டுகள் பல்லைக் கூசச் செய்கின்றன, மசாலாவின் மணமும் அவற்றில் ஒட்டுவதில்லை. இரண்டு ஆப்பிள்களைத் தோலோடு சிறு துண்டுகளாக நறுக்கி, மூன்று மேசைக்கரண்டிப் பாகும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, ஓரங்கள் கண்ணாடி போலத் தெளியும் வரை ஏழெட்டு நிமிடம் வதக்கிக் குளிர வையுங்கள். சூட்டில் கறுப்பேற்றும் நொதி அழிந்துவிடுவதால் நிறம் மேலும் மாறாது. மினசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் போன்ற மொறுமொறுப்பான வகை, வெந்த பிறகும் உருக்குலையாமல் நிற்கும். பேரிக்காயில் பாஸ்க் வகை அதே போல உறுதியானது. காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதி விரலுக்கு இளகினால் பழுத்துவிட்டது என்று பொருள். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுப்பதால், வயிற்றுப் பகுதி இளகும் வரை காத்திருந்தால் நடுவில் அழுகியிருக்கும்.

பெர்சிமனில் நீங்கள் வாங்கியது ஹச்சியா வகையாக இருக்க வேண்டும். தக்காளி போலத் தட்டையாக இருப்பது ஃபூயு. அதைக் கெட்டியாக இருக்கும்போதே நறுக்கிச் சாப்பிடலாம். நுனி கூம்பியிருக்கும் ஹச்சியாவோ, தோல் தளர்ந்து, தண்ணீர் நிரப்பிய பலூன் போலக் கையில் தொய்யும் வரை துவர்ப்பை விடாது. அந்த நிலைக்கு வந்த ஒரே ஒரு ஹச்சியாவின் கூழை வழித்து உறைய வைத்து அரைத்துப் பாருங்கள். பட்டைக்கும் ஜாதிக்காய்க்கும் அதைவிடப் பொருத்தமான பழத்தை நான் இதுவரை கண்டதில்லை.

மாதுளை முத்துகளையும் அத்தியையும் மேலே தாராளமாகப் பரப்பலாம். கிரான்பெரியைத் தோல் வெடிக்கும் வரை பாகில் வேக வைத்துத்தான் சேர்க்க வேண்டும். கிவிப் பழத்தைத் தயிரோடு அரைத்து வைக்காதீர்கள். அதிலுள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றிவிடும்.

கேள்வி: டெக்சாசில் இருக்கும் என் மகள், அங்கே இந்த மணத்தை இலையுதிர்காலத்து மணம் என்கிறாள். இவையெல்லாம் வெப்ப நாட்டுப் பொருள்கள் ஆயிற்றே, எப்படி அந்தப் பருவத்துக்கு உரியவை ஆயின? நம் கரம் மசாலாவையே பழக் கிண்ணத்தில் போடக் கூடாதா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பருவம் பூசணிக்கு உரியது, மசாலா அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வட அமெரிக்காவில் பூசணி அறுவடை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனன்றும் கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்களன்றும் வரும் நன்றி நவிலும் நாளின் விருந்தில் பூசணிப் பணியாரம் வழக்கமாக இடம்பெறுகிறது. 1796-இல் அமெரிக்காவில் அச்சான சமையல் நூல் ஒன்றிலேயே பூசணியோடு ஜாதிக்காயும் இஞ்சியும் சேர்க்கும் குறிப்பு இருக்கிறது. மெக்கார்மிக் நிறுவனம் இந்த மசாலாக்களைக் கலந்து ஒரே டப்பாவில் விற்கத் தொடங்கியது 1934-இல். ஸ்டார்பக்ஸ் அதைக் காப்பியில் சேர்த்தது 2003-இல். அதன் பிறகுதான் பூசணியே இல்லாத பண்டங்களுக்கும் அந்த மணம் பரவியது. உங்கள் வியப்பு முற்றிலும் நியாயமானது. கிராம்பும் ஜாதிக்காயும் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளுக்கும், உண்மையான லவங்கப்பட்டை இலங்கைக்கும் உரியவை. நம் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

ஆல்ஸ்பைஸ் என்ற பெயரைக் கேட்டு, அது பல பொருள்கள் கலந்த தூள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஜமைக்காவிலும் நடு அமெரிக்காவிலும் விளையும் ஒரே மரத்தின் காய். மிளகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றும் கலந்தது போல மணப்பதால் அந்தப் பெயர் வந்தது. கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், வேறெதையும் ஈடாகத் தேட வேண்டியதில்லை. கரம் மசாலா கூடாது. அதிலுள்ள சீரகமும் மல்லியும் பழத்தோடு சேரும்போது குழம்பின் நினைவைத்தான் எழுப்பும். வீட்டில் இடித்துக்கொள்வதானால் பட்டைத் தூள் நான்கு தேக்கரண்டி, சுக்கு இரண்டு, ஜாதிக்காய் ஒன்று, கிராம்பு அரை என்ற அளவு சரியாக வரும். ஏலக்காய் அந்த நாட்டு மரபில் இல்லை; ஆனாலும் பேரிக்காயோடு சேர்க்கும் நாள்களில் நான் இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடாமல் இருப்பதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் அசாயி கிண்ணம்தான் வழக்கம். அதில் பூசணி விழுதையும் மசாலாவையும் சேர்த்தால் நன்றாக இருக்குமா?
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: மசாலா சேரும்; பூசணி சேராது. அசாயி, பிரேசிலின் அமேசான் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் கருநீலக் கனி. பாரா மாநிலத்து மக்கள் அதன் கூழை மரவள்ளி மாவோடும் வறுத்த மீனோடும் உணவாகவே உண்கிறார்கள். வாழைப்பழமும் வறுத்த தானியமும் சேர்த்த இனிப்புக் கிண்ணம் அந்நாட்டின் தென்பகுதி நகரங்களில் பரவி, பிறகு அமெரிக்காவுக்கு வந்தது. பெரும்பாலான பழங்களுக்கு மாறாக, அசாயியில் இயற்கையாகவே இனிப்பு மிகக் குறைவு, கொழுப்பு அதிகம். சுவையில் கொக்கோவை ஒத்த ஒரு மண்வாசனையும் உண்டு. அந்தக் கொழுப்பு பட்டையின் மணத்தை நன்கு பிடித்துக்கொள்வதால், வேறெந்தக் கிண்ணத்தையும்விட இதில் மசாலா தெளிவாகத் தெரியும். உறைந்த அசாயிக் கூழின் இரண்டு 100 கிராம் உறைகளுக்கு ஒன்றரை மேசைக்கரண்டிப் பாகே போதும். இஞ்சியை ஒரு படி கூட்டி, கிராம்பை முற்றிலும் நீக்கிவிடுங்கள். பூசணியின் மஞ்சளோ அசாயியின் ஊதாவில் கலந்ததும் சேற்று நிறமாகிறது, இரண்டின் சுவையும் ஒன்றையொன்று மழுக்குகின்றன. பூசணி விதைகளை வறுத்து மேலே தூவுங்கள், பொருத்தமாக இருக்கும். உறை வாங்கும்போது சர்க்கரை சேர்க்காதது எது என்று பார்த்து வாங்குங்கள். பாகின் இனிப்பும் சேர்ந்து திகட்டாமல் இருக்கும்.

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கும் இதே கிண்ணத்தைக் கொடுக்கலாமா? பட்டைத் தூளில் நச்சு இருப்பதாகச் செய்தியில் படித்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, சிகாகோ

பதில்: கொடுக்கலாம், எந்தப் பட்டை, எவ்வளவு என்பதில் மட்டும் கவனம் வேண்டும். நீங்கள் படித்த செய்தி உண்மையானது. 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள், பட்டைக் கூழ்ப் பொட்டலங்களில் ஈயம் கண்டறியப்பட்டு அவை திரும்பப் பெறப்பட்டன. 2024-இல் சில பட்டைத் தூள்களைப் பற்றியும் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. எச்சரிக்கப்பட்ட தூள்களின் பட்டியலை அந்நிர்வாகத்தின் இணையதளத்தில் பார்த்து, உங்கள் அலமாரியில் அவற்றில் ஏதேனும் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

இதைத் தவிர, பட்டையிலேயே இரண்டு வகை உண்டு. அமெரிக்கக் கடைகளில் வெறுமனே ‘சின்னமன்’ என்று விற்பது பெரும்பாலும் கேசியா என்னும் தடித்த வகை. அதிலுள்ள கூமரின் என்ற பொருள் நாள்தோறும் மிகுதியாகச் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் வரை தீங்கில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் வரையறை. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அது ஏறத்தாழ இரண்டு கிராம் கேசியாத் தூளுக்குச் சமம். 16 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ அரை கிராம்தான், அதாவது கால் தேக்கரண்டிக்கும் குறைவு. இலங்கைப் பட்டையில் கூமரின் மிகச் சொற்பமே என்பதால், அடிக்கடி செய்யும் வீட்டில் அதையே வாங்குங்கள். அடையாளம் எளிது. கேசியா ஒரே தடித்த தோலாக இரு பக்கமும் சுருண்டு, கையால் ஒடிக்க முடியாதபடி கட்டையாக இருக்கும். இலங்கைப் பட்டை, காகிதம் போன்ற மெல்லிய தோல்கள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டப்பட்டு, சுருட்டைப் போலத் தோன்றும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். மணம் மென்மையாக இருப்பதால் பாகில் ஒரு துண்டு கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் குழந்தைக்கு வேண்டாம். தேக்கரண்டிக் கணக்கில் உட்கொண்டால் அது பெரியவர்களுக்கே மயக்கத்தையும் படபடப்பையும் உண்டாக்கும். உலர்ந்த பட்டைத் தூளைக் கிண்ணத்தின் மேல் தூவிக் கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள், குழந்தை மூச்சோடு இழுத்துவிட்டால் புரையேறி நுரையீரலில் எரிச்சல் உண்டாகும். பாகாக இறக்கிச் சேர்த்துவிட்டால் அந்த அச்சம் இல்லை. வடிகட்டிய பிறகு கிராம்போ ஆல்ஸ்பைஸ் மணியோ பாகில் தங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குழந்தையின் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி ஊற்றுங்கள்.